ஆறு நிமிடத் தண்ணீர்

மருதமுனை
21.05.2009

அன்புத் தம்பி பதியுதீனுக்கு, ராத்தாவின் ஸலாம்.

யுத்தம் முடிந்ததென்று கல்முனைப் பக்கம் வெடி கொளுத்தினார்கள். சத்தம் கேட்டதும் உன் மச்சான் சரீப் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கினார். "ஹப்ஸாக்கும் இப்பிடித்தானே இருந்திருக்கும்! பாருடி!" என்று கத்தினார். அக்கம்பக்கத்தார் வந்து பிரித்தார்கள். முன்பல் ஒன்று போய்விட்டது. சுனாமியில் மகள் ஹப்ஸா அவர் கையிலிருந்து வழுக்கிப்போன நாள் முதல் வாங்கும் அடியை உனக்கு எழுதாதது என் பிழை. மூளை வருத்தங்களைப் பற்றித்தானே படிக்கிறாய்? ஒரு வழி சொல்.

பரீனா


மெல்பேர்ன்
09.06.2009

அன்பு ராத்தா,

வாப்பா மௌத்தான பிறகு என்னைப் படிப்பித்தவர் மச்சான். இன்று அவரைக் கொல்ல வேண்டும் போலிருக்கிறது. உடனே உம்மா வீட்டுக்குப் போங்கள்.

இங்கே சுண்டெலிகளைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிச் சாடியில் விடுகிறோம். ஏற வழியில்லை. துடித்து நீந்தும், பிறகு கைவிட்டுச் சும்மா மிதக்கும். மனச்சோர்வு மருந்து கொடுத்தவை கூடுதல் நேரம் போராடும். எலிக்கு மகளில்லை, மச்சானின் நோயை அது முழுதாகச் சொல்லாது. ஆனாலும் மருந்து உண்டு. கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

பதியுதீன்


மருதமுனை
02.07.2009

தம்பி,

உம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கிளினிக்குக்குப் போவோமென்று உன் மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அவர் வந்தார். "நான் பைத்தியமா? வெளிய வாடி!" என்று கதவைக் கோடரியால் கொத்தினார். பலகை பிளந்து கூர் உள்ளே தெரிந்தது. ஏனென்று தெரியாது, உன் கடிதத்தை எடுத்து, எலியைப் பற்றி எழுதியதை உரக்க வாசித்தேன். கொத்து நின்றது.

"அந்த எலிய ஆராவது தூக்குவாங்களா? தம்பிக்கிட்டக் கேளு" என்றார். போய்விட்டார்.

பரீனா


மெல்பேர்ன்
20.07.2009

ராத்தா,

ஆறு நிமிடத்தில் தூக்குவோம். துவாயால் துடைத்து விளக்குச் சூட்டில் வைப்போம். என் கையாலேயே செய்கிறேன்.

உங்களுக்குப் பொய் எழுத எனக்கு வராது. மறுநாள் அவற்றைக் கொன்று மூளையை எடுத்துப் பார்ப்போம்.

பதியுதீன்


மருதமுனை
15.08.2009

அன்புத் தம்பி,

துவாய், விளக்கு வரைக்கும்தான் அவருக்கு வாசித்தேன். "நான் தூக்கல்லயே புள்ள" என்று வாசலில் விழுந்து அழுதார். நாலரை வருடத்தில் முதல் அழுகை.

இப்போது கிளினிக்குக்கு வருகிறார், குளிசை எடுக்கிறார். கூடப் போய்விட்டு உம்மா வீட்டுக்கே திரும்பிவிடுகிறேன். அந்த வீட்டில் படுக்க இன்னும் பயம்.

உன்னோடு தொலைபேசியில் கதைக்க வேண்டுமாம். கேட்டால், எலிகளெல்லாம் சுகமாக இருக்கின்றன என்று சொல். எனக்காக இந்த ஒரு பொய்.

ராத்தா பரீனா