மிளகாய் அரைத்துவிட்டுப் போன அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அந்த நல்ல பழக்கம் எனக்கு வரவில்லை. உங்கள் மகள்தானே.

உங்கள் தலைவர் கடைசியில் பிரதமராகிவிட்டார், தெரியுமா? நீங்கள் போன அடுத்த வருஷமே. பதவி ஏற்றதை டிவியில் காட்டினார்கள். அம்மா எழுந்துபோய் அணைத்துவிட்டாள்.

நான் பிறக்கும் முன்பிருந்தே அவர்தான் உங்களுக்கு எல்லாம். அவர் ஜெயிலுக்குப் போனார், நீங்கள் காபியை விட்டீர்கள். அவர் மந்திரியானார், நம் பம்ப்செட் பட்டறையில் எல்லோருக்கும் லட்டு. அவர் கட்சி மாறினார், "கட்சிதானுங்க மாறிப்போச்சு, அவரு மாறுலீங்க" என்று உக்கடத்து டீக்கடையில் தொண்டை கட்டும்வரை வாதாடினீர்கள். அவர் கோவைக்கு வந்தபோது ஒரு முறை மாலை போட்டீர்கள். அவர் உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தீர்கள்!

தன்னை ஜெயிலில் போட்டவர்களோடே அவர் கைகோத்த அன்றுதான் உங்களுக்கு உறைத்தது. வேறு ஆளாக இருந்தால் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். நீங்கள் ஆனைமலைக்கு பஸ் ஏறினீர்கள். நகையைத் திருடியவன், நிலத்தை ஏமாற்றி வாங்கியவன் மேல்தான் அங்கே தண்டனை கேட்டு மிளகாய் அரைத்து அம்மன் சந்நிதிக் கல்லில் பூசுவார்கள். டெல்லித் தலைவர் மேல் அரைத்தவர் இந்தக் கொங்கு நாட்டிலேயே நீங்கள் ஒருத்தராகத்தான் இருக்கும்.

அம்மா எவ்வளவு கெஞ்சினாள்? "வேண்டாமுங்க. நாயமில்லாம அரைச்சா அரைச்சவிங்களுக்கே திரும்பிப்போடுமுங்க."

"என்ர நாயம் எனக்குத் தெரியும்" என்றீர்கள்.

அந்த மாசமே பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ரத்தக்குழாய் அடைப்பு என்றார் டாக்டர். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. மிளகாய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டினாள். அன்றோடு வீட்டில் மிளகாய் நின்றது. குழம்புக்கு மிளகு, பொரியலுக்கு மிளகு. ஆபீஸில் என் டிபன் பாக்ஸைப் பார்த்து, "ஏனுங்க, ஊட்ல ஆருக்காச்சும் காய்ச்சலுங்களா?" என்று கேட்டார்கள்.

அவர் பிரதமரானதும் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. "அவரு நல்லாத்தான இருக்கறாரு? அப்ப அது ஆருக்குப் போச்சு, சொல்லு" என்பாள். டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பகலெல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளையும் இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாகிவிட்டது, அப்பா. நீங்கள் ஒரு நிமிஷம் அவளை நினைத்திருந்தால் அந்த பஸ்ஸில் ஏறியிருப்பீர்களா?

சில மாசம்தான். தூக்கிவிட்டவர்களே காலை வாரிவிட, ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து என்ன ஆகுமோ என்று நாடே கவலைப்பட்டது. நான் ஆபீஸிலிருந்து வந்தால், வாசலிலேயே மிளகாய் வறுக்கும் நெடி! இருமிக்கொண்டே உள்ளே ஓடினேன்.

அம்மா கரண்டியோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். "கண்ணு, அவரு எறங்கிப்போட்டாராமா. அப்ப அது உங்கப்பன ஒண்ணும் பண்ணுலதான?"

பட்டம் வாங்கிய நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா. போவ வேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்குது."

காரியம் முடிந்தால் எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர்விக்க வேண்டுமே, நீங்கள் வைத்துவிட்டுப் போன வேலை. போன வெள்ளிக்கிழமை இருவரும் ஆனைமலைக்குப் போனோம். அம்மா தன் கையால் எண்ணெய் கொடுத்துவிட்டுக் கைகூப்பினாள். "அந்த மனுசனையும் உட்ரு தாயி. என்ர ஊட்டுக்காரரு அவரு மேல உசுரா இருந்தாருங்க. அந்த வருத்தத்துலதான் அரைச்சுப்போட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களை ஏமாற்றி, அம்மாவை இப்படி வாட்டியவரை மன்னிப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் போனபிறகு முதல் முறையாக அவள் நிம்மதியாக இருந்தாள். நானும் கும்பிட்டேன்.

இன்று காலைப் பேப்பரில் என்ன செய்தி தெரியுமா? உங்கள் தலைவர் புதுக் கட்சி தொடங்குகிறாராம்! அந்தப் பக்கத்தை அம்மா கண்ணில் படாமல் மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி அவர் எழுந்தாலும் விழுந்தாலும் அது அவர் பாடு. நம் வீட்டு அம்மியில் மிளகாய் குழம்புக்கு மட்டும்தான் அரைபடும். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அங்கேயாவது அரசியல் பேசாமல் இருங்கள்.

இன்று காரம் தாளாமல் கண்ணில் நீர் வரச் சாப்பிட்ட
உங்கள் மகள்