அடித்த நாள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மகள் நஸ்ரினை அடித்துவிட்டேன். அவளுக்கு இன்னும் மூன்று வயதுகூட நிரம்பவில்லை. கம்பெனி பஸ் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது பாயிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டாள். தொடையில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தால் ரத்னம்மா அக்காவின் ஏழு மிஸ்டு கால். நான் வேலைக்குப் போகும்போது நஸ்ரினைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர். உடனே திருப்பிக் கூப்பிட்டேன். "பாப்பா காலைலருந்து ஒண்ணுக்கே போகல. பாத்ரூம்னாலே அலறுது. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. பேக பா, சீக்கிரம் வாம்மா" என்று கன்னடமும் தமிழுமாகப் பதறினார்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி, சிப்காட் வாசலில் ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன். என்னைக் கண்டதும் நஸ்ரின் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"போகமாட்டேன். அம்மா அடிக்கும்."

அவளைத் தூக்கிப்போய் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

"அம்மா மேலயே போ தங்கம்."

ரொம்ப நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தாள். பிறகு என் யூனிஃபார்ம் சூடாக நனைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் முகத்தையே பார்த்தவள், "இது தப்பில்லையாம்மா?" என்றாள். "இல்லடா" என்றேன்.

"அப்ப காலைல?"

அவள் தூங்கி ரெண்டு மணி நேரம் ஆகிறது. நனைந்த யூனிஃபார்மைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அவள் கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.