நாற்பத்திரண்டாம் இணைப்பு

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், போனை எடுக்க நேரமில்லாதவர்கள் பொதுவாக நன்றாகவே இருக்கிறார்கள். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. உங்கள் கம்பெனியும் எங்கள் பல்கலைக்கழகமும் கூட்டாகக் கட்டும் புது மாதிரி அணு உலையில் தண்ணீருக்குப் பதிலாக உருக்கிய உப்பு ஓடும் என்று சொன்னதிலிருந்து, உப்பு சரியா இருக்கான்னு நீதான் ருசி பாக்கணுமா என்று என்னைத் தினமும் கேட்கிறார். குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் என் வேலை என்று முப்பது வருடமாகச் சொல்கிறேன், காதில் ஏறினால்தானே.

அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா, மறுநாளே எரிபொருள் ஏற்றுகிறார்கள். விழாவுக்குப் பதினோரு குழு. பூந்தொட்டிக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று, மேடையில் உங்கள் முதலாளி வலப்பக்கமா எங்கள் துணைவேந்தர் வலப்பக்கமா என்று முடிவு செய்யவே மூன்று கூட்டம் நடந்தது. ஒப்பந்தம் ஆன நாளிலிருந்து இரண்டு தரப்பும் புதுச் சம்பந்திகள் மாதிரி அப்படி ஒரு மரியாதை, ஒருவர் சொன்னதை மற்றவர் ஏன் என்று கேட்பதே கிடையாது. வினையும் அங்கேதான் வந்தது. கட்டடப் பக்கத்துக் குழாய்களை நாங்கள் சோதிக்க வேண்டும், உலைப் பக்கத்தை நீங்கள். விழாவுக்காக வெல்டிங் இணைப்புகளின் எக்ஸ்ரே படங்களை வரிசையாக அடுக்கினேன். நாற்பத்தொன்று வரை எங்களுடையது, நாற்பத்து மூன்றிலிருந்து உங்களுடையது. இரண்டு பக்கமும் வந்து சேரும் நாற்பத்திரண்டாம் இணைப்புக்குப் படமே இல்லை. எங்கள் பேராசிரியர் தாளில் கம்பெனி சரிபார்த்தது என்று இருக்கிறது. கம்பெனித் தாளில் பல்கலைக்கழகம் சரிபார்த்தது என்று இருக்கிறது, அதன் அடியில் உன் கையெழுத்து. கையெழுத்து என்னவோ அழகாகத்தான் இருந்தது.

நேற்று நானே படம் எடுத்தேன். விரல் நீளத்துக்கு ஒரு மயிரிழை விரிசல். பேராசிரியரிடம் காட்டினேன், விழா முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம் என்றார், தும்பை விட்டு வாலைப் பிடிக்க அவருக்கு அவ்வளவு ஆசை. வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. விரிசல் நான் பார்க்காததா, உன் கையெழுத்துதான் காரணம். யாருமே பார்க்காததைப் பார்த்ததாக எழுத என் பிள்ளைக்கு எப்படி மனசு வந்தது என்று அழுதேன். அப்பாவிடம் சொன்னதும், அவன் வேலை போயிடுமா என்று மட்டும் கேட்டார். போகலாம் என்றேன்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் ரிப்போர்ட் அணுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகும். போனில் சொன்னால் நீ பேசிப் பேசியே என்னைக் கரைத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கூரியர்.

நேரத்துக்குச் சாப்பிடு, காபியைக் குறை. நல்ல ஆயுளோடும் நல்ல தூக்கத்தோடும் இரு, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு, வேலை போனாலும் உண்டு. திங்கள் பத்து மணி, மறந்துவிடாதே. அதற்குள் நீயே அந்த அலுவலகத்துக்கு எழுதிவிட்டால், கையெழுத்திட்டவர் தாமாகவே ஒப்புக்கொண்டார் என்று என் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்ப்பேன். அந்த ஒரு வரிக்கு இடம் விட்டு டைப் செய்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா