பதில் இல்லாத பாதி

அன்புள்ள நிகோராவுக்கு,

உனக்கும் மகள்களுக்கும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். தொலைபேசியில் பேச இப்போது பயமாக இருப்பதால், நம் ஊர் நமங்கானுக்கு வரும் டாக்சிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது, நம் பழைய இறையியல் நூல்களின் வழக்கப்படி, இறைவன் இல்லை என்பவர்களின் வாதத்தை அவர்களைவிட வலுவாகச் சொல்லிவிட்டு, பிறகுதான் மறுத்தேன். மாணவர் யாரோ அதைப் படம்பிடித்து, முதல் பாதியை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டுவிட்டார்கள். நான் திருத்திக் கொடுத்த ஆய்வேட்டால் துறைத்தலைவனான முசாஃபர் எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

"என்னப்பா, நாத்திகனுக்கு இவ்வளவு நல்லா வக்காலத்து வாங்குறே! பஜார்ல ரொட்டி விக்கிறவன்கூட உன்னைப் பத்திதான் பேசுறான். வியாழக்கிழமை விசாரணை. பதிலை எழுதிக் கொண்டா."

பதில் போதாவிட்டால் வேலை போவதோடு நிற்குமா என்று கேட்டேன். அவன் பேச்சை மாற்றிவிட்டான். நேற்றிலிருந்து என் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. யாருடையதோ.

என் பச்சை நோட்டை இதே டாக்சியில் அனுப்பு. பதில் அதில்தான் இருக்கிறது. கம்பளிக் காலுறையும் வை. மகள்கள் அந்தக் காணொளியைப் பார்க்க வேண்டாம்.

அந்த நோட்டைப் படித்துக்காட்டியபோது நீ சொன்னாய்: "கேள்வி சுருக்குன்னு தைக்குதுங்க. பதில்தான் கொஞ்சம் இழுக்குது." ஆறு வருடமாக அதற்காக உன்மேல் எனக்குக் கோபம். இன்று காலையிலிருந்து நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். இழுக்கத்தான் செய்கிறது.

டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கிறார். நீ அப்படிச் சொன்னதை யாரிடமும் சொல்லிவிடாதே.

உன்,
ஃபஸ்லிதீன்