கடற்கரை வளவு

11.03.1982
மருதமுனைக் கரையில் நான் நட்டிருந்த அளவு முளைகளில் இரண்டைக் கடல் எடுத்துவிட்டது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பின் கரை தேய்வது தெரியும். இவ்வளவு வேகமாகத் தேயும் என்று நான் நினைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் என் பேராசிரியருக்கு மகிழ்ச்சி, என் ஆய்வுக்கு நல்ல தரவாம். தரவு! அந்த முளைகளுக்கு நேரேதான் எங்கள் காணி, வீடில்லாத வெறும் வளவு.

02.05.1982
‘காக்கா, காக்கா’ என்று என் பின்னாலேயே திரிந்த தங்கை சுல்பிகாவுக்குச் சம்பந்தம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்கு ஊர் சாய்ந்தமருது, ஆசிரியர். வீடு கொடுக்காமல் இங்கே எந்தப் பெண்ணுக்குக் கலியாணம் நடந்திருக்கிறது? வாப்பாவிடம் இருப்பதோ அந்த ஒரு வளவுதான். அங்கே கட்ட வேண்டாம், பத்து வருஷம் தாங்காது என்று படம் கீறிக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

“வேற வளவு எங்க இரிக்கி மனே? அவள் குமராவே இரிக்கட்டுமா?”

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

09.05.1982
அத்திவாரம் வெட்டுகிறார்கள்.

13.06.1982
கரைக்குக் கல்லணை கேட்டு அரசாங்க அதிபரின் கச்சேரியில் நான் கொடுத்த அறிக்கைக்குப் பதில் வந்தது. இப்போதைக்கு வழியில்லையாம். அறிக்கையைப் பாராட்டியிருக்கிறார்கள்.

19.06.1982
மாப்பிள்ளையின் வாப்பா மீராசாஹிபு வந்தார். நான் கடலை அளக்கிற கதை அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது.

“தம்பி, நீங்க படிச்ச ஆள். அந்த வளவுக்குக் கடல் வருமா?”

வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா கதவுக்குப் பின்னால். வராது என்றேன். அந்த ஒரு சொல் போதும் என்று தேநீரைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

நான் என்ன மனிசன்? உண்மையச் சொல்லி அவள ஊட்டுல குந்த வைக்கிறதா? பொய்யச் சொல்லிக் கடல்ல தள்ளுறதா? எனக்கு ஒண்டும் விளங்கல்ல. இவ்வளவு படிச்சி என்னத்துக்கு?

14.12.1982
மாரிக் கடல். போய்ப் பார்க்கவில்லை.

11.02.1983
நேற்று நிக்காஹ் முடிந்தது. இன்று பின்னேரம் புது வீட்டில் சாமான்களை ஒதுக்கி வைக்கப் போனேன். சுவர்களில் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை வெளியே யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். சுல்பிகா கடல் பக்கத்து யன்னலைச் சாத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி,

“காக்கா, இதுல கடலுக்குத் தூரமான அறை எது?” என்று கேட்டாள்.

மேற்குப் பக்கத்து அறையைக் காட்டினேன். கட்டிலை இருவருமாக அங்கே இழுத்துப் போட்டோம்.