இடது கை ஏன் தொங்கியது

பிப்ரவரி 6
பெயின்ட் அடிக்கப் போன வீட்டில் ஒன்றைத் தவிர எல்லா நாற்காலிக்கும் துணி போட்டு மூடியவன் நான்தான். மூடாமல் விட்ட அந்த ஒன்றின் மேல்தான் டீ கொட்டியது. வீட்டுக்கார அம்மா நீட்டிய டம்ளரை இடது கையில் வாங்கினேன். மணிக்கட்டு மடங்கித் தொங்கிவிட்டது. வலி இல்லை. ஆனால் நிமிரவில்லை. அந்த அம்மா என் கையைப் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தார்.

பிப்ரவரி 7
மச்சானோடு டாக்டரிடம் போனேன். கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை அவர். "ராத்திரி எவ்வளவு குடிச்சீங்க?"
குடிப்பதில்லை என்றேன்.
"பெயின்டர் எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. போதையில கைமேலயே படுத்திருப்பீங்க, நரம்பு நசுங்கியிருக்கு."
இருமல் மருந்துக்கே தள்ளாடுகிற ஆள் நான். யாரிடம் சொல்ல?

பிப்ரவரி 8
மச்சான் வாய் சும்மா இருக்குமா? மேஸ்திரி போனில்: "குடிக்கிறவனை நான் ஏணியில ஏத்த மாட்டேன்ப்பா. வேற வேலை பாத்துக்க."
என் வீட்டுக்காரி, துவைக்க எடுத்த என் சட்டையை ஒரு தரம் மோந்து பார்த்தாள். அதுதான் தாங்கலை. இத்தனை வருஷம் கூட இருந்துட்டு — பெயின்ட்ல கலக்குற டர்பன்டைன் வாசனையைத் தவிர அதுல என்ன இருக்கும்?

பிப்ரவரி 10
சட்டைப் பொத்தானை மகள் போட்டுவிட்டாள்.
"குடிக்கலைல்லப்பா?"
"இல்லடி."
"அப்ப ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க? கை தொங்குறது பத்தாதா? வேற டாக்டரைப் பாப்போம்."

பிப்ரவரி 13
நரம்பு டாக்டர், மகளைவிடக் கொஞ்சம் பெரியவர். கையில் மின்சாரம் வைத்துப் பார்த்தார். விரல்கள் என்னைக் கேட்காமலே துள்ளின.
"படுத்து நசுங்கினா மேல்கை நடுவுலதான் நசுங்கும். உங்களுக்கு அதுக்கும் மேல, அக்குள்கிட்ட. ஏணியில எப்படி நிப்பீங்க?"
ஜன்னல் கம்பிக்குள் இடது கையை நுழைத்து, அக்குளில் கம்பியை இறுக்கிக் காட்டினேன். அந்த வீட்டின் மாடிப்படிச் சுவர் ரொம்ப உயரம். ஒரு வாரமாக, காலையிலிருந்து சாயங்காலம்வரை அப்படித்தான்.
"குடியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஏணிக் கம்பிதான் நசுக்கியிருக்கு. மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கங்க, மெதுவா சரியாயிடும்."
மகள் அங்கேயே மச்சானுக்குப் போன் போட்டாள்: "மாமா, போதை ஏணிக்குத்தானாம்."

பிப்ரவரி 14
வீட்டுக்காரி பட்டையைக் கட்டிவிட்டாள். ரொம்ப நேரம் கட்டினாள்.

மே 2
கை நிமிர்ந்துவிட்டது. மேஸ்திரி வீட்டுக்கே வந்தார், நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லி. மன்னிப்பா? அதெல்லாம் அவர் வாயில் வராது. டீயை இடது கையால் நீட்டினேன், வேண்டுமென்றேதான்.
"மத்தவனெல்லாம் கால்ல நிக்கிறான். நீ மட்டும் ஏன்யா ஏணியை அப்படிக் கட்டிப்பிடிக்கிற?"
வீட்டுக்காரி, மகள், மேஸ்திரி, மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.
"பழக்கம்" என்றேன்.
கீழே பார்த்தால் எனக்குக் கால் நடுங்கும், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நடுங்குகிறது என்று சொல்லவில்லை.