முனிராஜ் படிக்கிற மொழி

செப்டம்பர் 8, திங்கள்
பெர்ல் என்ற கணினி மொழியில் இருக்கிற பழைய ஸ்கிரிப்டுகளை இனித் தொட முடியாது. எழுதியவர் ஓசூரை விட்டு பெங்களூரு போய்விட்டார். கேட்டால் அவருக்கே ஞாபகம் இல்லையாம். சர்வர், பேக்கப், லேபிள் பிரிண்டர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. எது நின்றாலும் போன் எனக்கு. புதிதாக எழுதச் சொல்லிவிட்டார் மேனேஜர். எந்த மொழி என்பது என் இஷ்டமாம்.

செப்டம்பர் 9
பைத்தான். யோசிக்க என்ன இருக்கிறது?

செப்டம்பர் 13
தங்கை காத்தூனின் நிக்காஹ் அக்டோபர் 3, கிருஷ்ணகிரியில். ஆயுதபூஜை விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கிற அதே வெள்ளி! பூஜைக்கு அணைத்ததையெல்லாம் அன்று காலையில்தான் ஆன் செய்வார்கள். லேபிள் வராவிட்டால் லோடு லாரி நகராது. போன பெருநாளன்றும் சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடினேன். "இந்தத் தடவையும் போன் வந்துச்சுன்னா நீ வரவே வேணாம் ஃபிசாக்கா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சுருக்கென்றது.

செப்டம்பர் 15
நான் இல்லாத அன்று ஹார்டுவேர் பார்க்கிற முனிராஜ்தான் சமாளிக்க வேண்டும். பாதி எழுதிய பைத்தானைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "ஓடுனா ஓடும் மேடம். நின்னா நான் என்ன பண்றது? ஷெல்லுன்னா டெய்லி அடிக்கற கமாண்டுதான், எங்க நிக்குதுன்னாச்சும் தெரியும்."
எரிச்சல். ஷெல்லில் எழுதினேன் என்று எந்த இன்டர்வியூவில் போய்ச் சொல்வது? ஆயுசுக்கும் இங்கேயேவா கிடக்கப் போறேன்?

செப்டம்பர் 17
பைத்தானை அழித்துவிட்டேன். இனி ஷெல்தான். முதுகு வலி.

செப்டம்பர் 30
கம்பெனியில் பூஜை. சர்வருக்கும் சந்தனம், குங்குமம். எல்லாம் அணைத்தாகிவிட்டது. டேட்டா இருக்கிற ஸ்டோரேஜை முதலில் ஆன் செய்ய வேண்டும், பிறகுதான் சர்வர் — முனிராஜிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினார். எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

அக்டோபர் 3
போன் வரவில்லை. மனசு கேட்காமல் நானே அடித்தேன்.
"ராகு காலத்துக்கு முன்னாடி ஆன் பண்ணணும்னு எம்.டி. அவசரப்பட்டாரு மேடம். கற்பூரம் காட்டுன வரிசையிலயே சுவிட்சத் தட்டிட்டாங்க. ஸ்டோரேஜ் கடைசி மூலையில இருக்குதுங்களா, ஸ்கிரிப்ட் நின்னுருச்சு. அது வர்ற வரைக்கும் காத்திருன்னு நானே ஒரு வரி போட்டுட்டேன். லாரி போயிருச்சு. தப்புங்களா?"
தப்பே இல்லை என்றேன். கண் கலங்கிவிட்டது. காத்தூன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அக்டோபர் 6
கல்யாண அலுப்பு தீரவில்லை. இரண்டு நாள் லீவு கேட்டேன். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எடுத்துக்கங்க. அதான் முனிராஜ் இருக்காருல்ல."
இதற்குத்தானே இவ்வளவு பாடு? அப்புறம் எதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்?